கண்ணாடிச் சட்டத்துக்குள் ஐம்பதாயிரம்

அத்தியாயம் 14

மனிதன் சேர்க்கிற செல்வங்களிலெல்லாம் தலையாயது நல்ல பெயர். பொன் தேயும். நிலம் கைமாறும். பிள்ளைகள் திருப்பூருக்கோ துபாய்க்கோ போய்விடுவார்கள். பெயர் ஒன்றுதான் நிற்கும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கண்ணுச்சாமியின் பெயர் 583-ல் நின்றது.

சென்ற வாரம் அது 611-ல் நின்றது. இடையில் நடந்ததற்கு அவரே காரணம் என்பதால், அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

கண்ணுச்சாமி ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர். காவல்துறை அவரை விட்டுவிட்டது. அவர் அதை விடவில்லை. வெண்டைக்காய் வாங்கினாலும் விசாரித்துத்தான் வாங்குவார். மகள் வெங்கடேஸ்வரி, ராஜபாளையத்தில் கிருபாபாய் அக்காவின் பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். மாப்பிள்ளை ராணுவத்தில். கிருபாபாய் அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கம்பெனியை விற்றுவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறார். எட்டு விசைத்தறி, ஷெட், ஆஸ்பத்திரி ஆர்டர்கள் எல்லாம் முதலில் வெங்கடேஸ்வரிக்குத்தான் என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்.

வாக்கு இருந்தது. பணம் இல்லை. வங்கிக்கு ஈடாகக் காட்ட சுந்தரபாண்டியத்து நிலம் இருந்தது. அது அப்பா பெயரில். ஆகவே கடனை அப்பாவும் மகளும் சேர்ந்து கேட்டார்கள். வங்கி, பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று சொல்லும் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்தது. இப்போதைக்கு முடியாது என்றது.

சிபில் கணக்கு முந்நூற்றில் தொடங்கித் தொள்ளாயிரத்தில் முடியும். எழுநூற்றைம்பதுக்கு மேல் இருந்தால் வங்கியில் காபி வரும். அறுநூற்றுக்குப் பக்கத்தில் இருந்தால் தண்ணீர் வரும்.

"எனக்கா லோன் இல்ல? கண்ணுச்சாமிக்கா?"

மறுநாளே கஞ்சி போட்ட வேட்டி கட்டிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் நாலு வங்கிகளில் ஏறி இறங்கினார். நாலிலும் கடன் கேட்டார். பணம் தேவைப்பட்டதால் கேட்கவில்லை. மானம் தேவைப்பட்டதால் கேட்டார். நாலு வங்கிகளும் 'பாத்துச் சொல்றோம் சார்' என்றன. பார்த்தன. ஒவ்வொரு பார்வையும் பதிவானது. ஒரே நாளில் நாலு இடத்தில் கடன் கேட்கிறவனுக்கு ஏதோ கழுத்தை நெரிக்கிறது என்று கணினி நினைத்துக்கொண்டது. 611, 583 ஆயிற்று.

இந்தப் புதன்கிழமை காலை, அப்பாவும் மகளும், முதலில் முடியாது என்ற அதே ராஜபாளையத்து வங்கியில் கடன் பிரிவு அதிகாரி சத்யப்பிரியாவின் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

சத்யப்பிரியாவுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். 'வாங்க சார்' என்றார். கண்ணுச்சாமி அந்த 'சார்'-ஐ ஏற்றுக்கொண்டு, நாற்காலியை அரை அடி பின்னுக்கு இழுத்து, விசாரணை நடத்துகிறவர் போல உட்கார்ந்தார்.

"இது உங்க ரிப்போர்ட் சார். மேலருந்து பாப்போம். உங்க பேர், பான் நம்பர், விலாசம் எல்லாம் சரியா இருக்கான்னு மொதல்ல பாருங்க. இதுலயே தப்பு இருந்தா வேற ஒருத்தர் கடன் உங்க தலையில ஏறியிருக்கும்."

கண்ணுச்சாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

"பேருக்கு முன்னாடி எஸ்.ஐ.ன்னு இல்லியே?"

"அது வராது சார்."

"ரிட்டயர்டு எஸ்.ஐ.?"

"எல்லாருக்கும் பேர் மட்டுந்தான் சார்."

"அப்பா, செத்த நேரம் அவங்களச் சொல்ல விடுங்க" என்றாள் வெங்கடேஸ்வரி.

சத்யப்பிரியா பேனாவால் ஒவ்வொரு வரியாகக் காட்டினார். இரண்டு நகைக் கடன், முழுக்கக் கட்டி முடித்தது. மோட்டார் சைக்கிள் கடன், அதுவும் முடித்தது. நல்லது. அடுத்து ஒரு பெர்சனல் லோன். பேனா அங்கே நின்றது.

"இது முழுசாக் கட்டல சார். பாதியில நின்னு, பொறவு பேசிக் கொறச்சு முடிச்சிருக்கீங்க."

கண்ணுச்சாமியின் முகம் மலர்ந்தது. இந்த இடத்துக்கு எப்போது வருவார்கள் என்று காத்திருந்தவர் போல நிமிர்ந்தார்.

"அதச் சொல்லுங்க! அந்தக் கதை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கா?"

வெங்கடேஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள். அந்தக் கதையை அவள் பள்ளிக்கூட ஆண்டு விழா தவிர எல்லா விழாக்களிலும் கேட்டிருக்கிறாள்.

கதை இதுதான். ஆறு வருஷத்துக்கு முன்னால் புது வீட்டுப் பால்காய்ப்புக்காகக் கண்ணுச்சாமி கடன் வாங்கினார். வீடு கட்ட இல்லை. வீடு ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. பந்தலுக்கும் பந்திக்கும் பஸ் நிறுத்தம் வரை வைத்த பேனர்களுக்கும். தவணையும் ஒழுங்காகத்தான் கட்டி வந்தார். ஒரு நாள் வங்கியிலிருந்து பேசிய பையன் 'கண்ணுச்சாமிங்களா?' என்று கேட்டான். 'சார்' போடவில்லை. அந்த மாதத்திலிருந்து தவணையை நிறுத்திவிட்டார்.

"வட்டியோட லட்சத்துப் பத்தாயிரம்னு வந்தானுவ. ரெண்டு பேரு. வீட்ல எதிர்ல உக்கார வச்சேன். எதிரின்னாலும் வீட்டுக்கு வந்தவனாச்சே, மோர் குடுத்தேன். குடிச்சு முடிச்சதும் கண்ணப் பாத்துச் சொன்னேன். அறுபது. எடுத்துட்டுப் போ. அதுக்கு மேல ஒத்தப் பைசா இல்ல. எந்திரிச்சுப் போயிட்டானுவ! அம்பதாயிரம் தள்ளுபடி. லெட்டரே இருக்கு. பிரேம் போட்டு ஹால்ல மாட்டியிருக்கேன்."

"மாட்டியிருக்காவ" என்றாள் வெங்கடேஸ்வரி. "ஆயுத பூசைக்குச் சந்தனம் கூட வைப்பாவ."

சத்யப்பிரியா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"சார், அந்த அம்பதாயிரந்தான் பிரச்சினையே. வாங்குன கடன இவரால முழுசாக் கட்ட முடியல, கிடைச்ச வரைக்கும் வாங்கிட்டு விட்டுட்டோம்னு அந்த பேங்க் எழுதி வச்சிருக்கு. அத எந்த பேங்க் பாத்தாலும் நமக்கும் இதத்தான் செய்வாருன்னு நினைக்கும்."

"அதெப்படி? பேசி முடிச்சாச்சுல்ல?"

"முடிச்சாச்சு. ஆனா பதிவு போகாது."

கண்ணுச்சாமிக்கு இது புரியவில்லை. முப்பத்தைந்து வருஷ சர்வீசில் அவர் பார்த்த நியாயம் வேறு. ஸ்டேஷனுக்கு இரண்டு பார்ட்டி வரும். பத்து கேட்பவனை ஆறுக்கு இறக்கி, கொடுக்காதவனை ஆறுக்கு ஏற்றி, இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கி, மனுவைக் கிழித்துப் போட்டால் விஷயம் பூமியிலிருந்தே மறைந்துவிடும். அதன்பின் அது நடந்ததாக யாரும் சொல்ல முடியாது.

"எங்க ஸ்டேஷன்ல பேசி முடிச்சா எஃப்.ஐ.ஆரே கிடையாதும்மா."

"இங்க பேசி முடிச்சதே எஃப்.ஐ.ஆர். தான் சார்."

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கண்ணுச்சாமி அதைச் சோதனை செய்தார்.

"இன்னொண்ணு. ஒரே நாள்ல நாலு பேங்க்ல லோன் கேட்டிருக்கீங்க. ஏதும் அவசரமா சார்?"

வெங்கடேஸ்வரி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். இது அவளுக்குப் புதுச் செய்தி.

"நாலா?"

"சும்மா விசாரிச்சேன்."

"விசாரிச்சாவளாம்! இருந்த கொஞ்சத்தையும் விசாரிச்சே எறக்கிட்டு வந்திருக்காவ."

பேச்சை மாற்றக் கண்ணுச்சாமிக்கு வழி கிடைத்தது. "இவ மார்க்கு எம்புட்டு?"

"அவங்களுக்கு மைனஸ் ஒண்ணு சார்."

"ஏட்டி!"

"அது தப்பில்ல சார். அவங்க இதுவரைக்கும் எங்கயும் கடன் வாங்கினதே இல்ல. பாக்கிறதுக்கு ஒண்ணும் இல்லன்னா அப்படித்தான் காட்டும்."

இருபது வயதிலிருந்து சம்பாதித்து, மளிகைக் கடையில்கூடப் பாக்கி வைக்காத வெங்கடேஸ்வரிக்கு மைனஸ் ஒன்று. வங்கியைப் பாதி வழியில் இறக்கிவிட்ட கண்ணுச்சாமிக்கு 583. அன்றைய காலையில் முதல்முறையாக அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"பாத்தியா? உனக்கு நான் எம்புட்டோ தேவல."

வெங்கடேஸ்வரி அதிகாரி பக்கம் திரும்பினாள். சத்யப்பிரியாவிடம், "மேடம், இத நேர் பண்ண முடியுமா? முடியும்னா என்ன செய்யணும், அத மட்டும் சொல்லுங்க" என்றாள்.

"முடியும். பழைய பேங்குக்குப் போங்க. விட்டுக்குடுத்த பாக்கியக் கட்டிர்றேன்னு சொல்லுங்க. எம்புட்டு கட்டணும்னு மொதல்ல எழுத்துல வாங்குங்க. அம்பதுன்னா அம்பது, வட்டி சேத்தாங்கன்னா கொறைக்கச் சொல்லிக் கேளுங்க. எழுத்துல வாங்காமக் கட்டாதீங்க. கட்டின பொறவு பாக்கி எதுவும் இல்லன்னு சர்டிபிகேட் வாங்குங்க. அவங்க தகவல் அனுப்பி, இங்க மாற ஒரு மாசம் போல ஆகும். மாறிருச்சான்னு நீங்களே பாக்கணும். வருசத்துக்கு ஒரு ரிப்போர்ட் இலவசமாக் குடுப்பாங்க."

"மார்க்கு ஏறிருமா?"

"படபடன்னு ஏறாது. தவணை தவறுன மாசங்கள்லாம் கொஞ்ச வருசத்துக்கு அப்படியே தெரியும். சார் பேர்ல சின்னதா ஒரு டெபாசிட் போட்டு, அது மேல ஒரு கார்டு வாங்கி, மளிகை சாமானுக்கு மட்டும் தேச்சு, தேதிக்கு முன்னாடி முழுசாக் கட்டிட்டு வந்தா மெல்ல மெல்ல ஏறும். வேற எந்த பேங்க்லயும் போய் விசாரிக்காம இருந்தா."

கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது சத்யப்பிரியா கண்ணுச்சாமியைப் பார்க்கவில்லை. மரியாதை தெரிந்தவர்.

"இந்த லோனுக்கு? தறிக்கு?"

"அந்த ஒரு கணக்கு முழுசா முடிஞ்சதுன்னு பேப்பர் வரட்டும். நிலம் இருக்கு, ஆர்டர் இருக்கு, உங்க சம்பளக் கணக்கும் சுத்தம். நானே மேனேஜர்ட்ட எடுத்துட்டுப் போறேன். கட்டாயம் கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். இப்பக் கதவு மூடியிருக்கு, அப்பத் தெறந்திருக்கும்." கொஞ்சம் தயங்கினார். "கடைசியா ஒண்ணு. தளவாய்புரம் மாரிச்சாமிங்கிறவரு டிராக்டர் லோனுக்கு நீங்க ஜாமீன் போட்டிருக்கீங்க."

"ஆமா. கல்யாண வீட்ல பந்தியில உக்காந்திருந்தேன். மரியாதையாக் கேட்டான். எடது கையால போட்டுக்குடுத்தேன்."

"அவரு ரெண்டு தவணையாக் கட்டல சார். அதுவும் உங்க ரிப்போர்ட்லதான் வருது."

கண்ணுச்சாமி எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார்.

"ஜெயிச்ச கேசத் திரும்ப நடத்தச் சொல்லுதிய. நம்மால ஆகாது."

வெளியே டவுன் பஸ்கள் ஒன்றையொன்று திட்டிக்கொண்டு போயின. வெங்கடேஸ்வரி கம்பெனிக்குப் போன் போட்டு அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, அப்படியே கிருபாபாய் அக்காவிடமும் நிலைமையைச் சொன்னாள்.

"வெள்ளிக்கிழம சத்திரப்பட்டி பார்ட்டி கம்பெனிய வாங்க அட்வான்சோட வாரேன்னுருக்காரும்மா" என்றார் கிருபாபாய். "உனக்காக எத்தன நாளு தள்ள? சும்மா வாயால ஒரு மாசம் பொறுன்னா என் மக ஒத்துக்க மாட்டா. பழைய பாக்கியக் கட்டப் போறோம்னு பேங்க் பேப்பர் ஒண்ணு காட்டு. தை பொறக்குற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்."

வெங்கடேஸ்வரி ஸ்பீக்கரில் இருந்த போனை வைத்தாள்.

"கேட்டியளா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு பேப்பர். அம்புட்டுத்தான்."

"ஏட்டி, அம்பதாயிரம்."

"இருக்குல்ல?"

இருந்தது. குலசாமி கோயில் கும்பாபிஷேகத்துக்கு எடுத்து வைத்தது. ஐம்பதாயிரம் கொடுக்கிறவர்களுக்குக் கல்வெட்டில் பெயர். கண்ணுச்சாமிக்கு மூன்றாவது வரி ஒதுக்கியாகிவிட்டது. பெயருக்கு முன்னால் எஸ்.ஐ. போடுவதற்கும் சம்மதம் வாங்கியாகிவிட்டது.

"கோயில் காசுல கை வைக்கக் கூடாது தாயி."

"சாமி உங்ககிட்ட கல்வெட்டு கேட்டுச்சா? சத்திரப்பட்டிக்காரரு வந்தா அவரு ஆளக் கொண்டுவந்து சூப்பர்வைசர் போடுவாரு. எனக்குத் தறியும் இல்ல, வேலையும் இல்ல. பொறவு கோயிலுக்குப் போயி மூணாவது வரியத் தடவிப் பாத்துட்டு வாரேன்."

"அதுக்காக? அந்தப் பயலுவளக் கூப்பிட்டு, இந்தா நீ ஜெயிச்சேன்னு குடுக்கவா? ஊருக்குள்ள தலை காட்ட முடியுமா?"

"நீங்க குடுக்க வேண்டாம். பழைய லோன் நம்பர் அந்த பிரேமுக்குள்ள இருக்கு. நான் எடுத்துட்டுப் போயி விசாரிக்கேன்."

"பிரேம்ல கை வச்ச, பாத்துக்கோ."

ஒரே பஸ்ஸில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் போனார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். நடுவில் ஏழெட்டு வரிசையும் ஐம்பதாயிரம் ரூபாயும். வழியில் வெங்கடேஸ்வரி தளவாய்புரம் மாரிச்சாமிக்குப் போன் போட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. இறங்குவதற்குள் இன்னும் இரண்டு முறை போட்டாள். அப்படியே இருந்தது.

வீட்டில் குருவம்மாள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். இருவர் முகத்தையும் பார்த்தாள். தண்ணீர்ச் செம்பை மகளிடம் கொடுத்தாள்.

ஹாலில் கண்ணுச்சாமியின் பணி ஓய்வுப் பாராட்டு விழாப் படத்துக்கும் முருகன் காலண்டருக்கும் நடுவில் தொங்கியது அந்தச் சட்டம். கண்ணாடியின் மூலையில் போன ஆயுத பூசையின் சந்தனம் காய்ந்திருந்தது. வெங்கடேஸ்வரி நாற்காலியை இழுத்தாள். கண்ணுச்சாமி வந்து அதில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னம்மா நடக்கு?" என்றாள் குருவம்மாள்.

வெங்கடேஸ்வரி சொன்னாள். ரிப்போர்ட், நாலு வங்கி, ஐம்பதாயிரம், வெள்ளிக்கிழமை. எல்லாவற்றையும் சொல்லி முடிக்கிற வரை கீரை ஆய்கிற கை நிற்கவில்லை.

"நீயே சொல்லு குருவு" என்றார் கண்ணுச்சாமி. "ரெண்டு பேர எதிர்ல உக்கார வச்சு, மோர் குடுத்து, கண்ணப் பாத்து..."

"ஏங்க."

"என்ன?"

"மோட்டார் ரூம் சாவி எங்க?"

கண்ணுச்சாமி நிறுத்தினார்.

"இப்ப எதுக்கு அது?"

"சும்மாத்தான். தெறந்து பாத்து ரொம்ப நாளாச்சு. புள்ளையும் வந்திருக்கா. ஒரு எட்டு காட்டலாம்னு பாக்கேன்."

காம்புகள் ஒரு பக்கமும் இலைகள் ஒரு பக்கமுமாகக் குவிந்துகொண்டிருந்தன. குருவம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

கண்ணுச்சாமி எழுந்தார். நாற்காலியின் மேல் தானே ஏறினார். சட்டத்தைத் தானே கழற்றினார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் புது வீட்டின் வெள்ளை நிறத்தில் பளிச்சென்று இருந்தது.

"புள்ளைக்காகத்தான் செய்யுதேன்" என்றார். "இது தோல்வி கிடையாது."

"தோல்வின்னு யாரு சொன்னா?"

"பேங்க்ல இவ பேச வேண்டாம். நானே போறேன். எழுத்துல வாங்கணும்ல, அதெல்லாம் இவளுக்குச் சரிவராது."

"மொதல்ல எழுத்துல வாங்குங்கப்பா. பொறவுதான் காசு" என்றாள் வெங்கடேஸ்வரி.

"எனக்கே சொல்லுதியா? நான் எத்தன வாக்குமூலம் எழுதியிருப்பேன்."

சட்டத்தின் பின்னால் இருந்த ஆணிகளைத் திருகி, கடிதத்தை உருவி, மடிக்காமல் ஒரு மஞ்சள் பைக்குள் வைத்தார். முகம் கழுவினார். மீசையைச் சீவினார். செருப்பை மாட்டும்போது திரும்பி, "பேங்க்ல அந்தப் பய 'சார்' போடலன்னா எந்திரிச்சு வந்துருவேன்" என்றார்.

"வாங்க. சாவியத் தேடி எடுத்து வைக்கேன்" என்றாள் குருவம்மாள்.

மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனையில் தேய்கிற வரை வெங்கடேஸ்வரி வாசலில் நின்றாள். வங்கி மூடுவதற்கு இன்னும் நேரம் இருந்தது. அவர் பேப்பரோடு வருவாரா, கோபத்தோடு வருவாரா என்பது அவருக்கே தெரிந்திருக்காது. மாரிச்சாமிக்கு மறுபடியும் போட்டாள். அணைத்துத்தான் வைக்கப்பட்டிருந்தது.

உள்ளே வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, மோட்டார் ரூம்ல என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? பழைய மோட்டாரு. ரெண்டு பல்லி."

"பொறவு அப்பா ஏன் அப்படிச் சட்டுனு எறங்கிட்டாவ?"

குருவம்மாள் கீரைக் காம்புகளை அள்ளி முறத்தில் போட்டாள்.

"அன்னைக்கு பேங்க்லருந்து ரெண்டு பேரு வந்தாவல்ல. நல்ல பயலுவ. வெயில்ல வந்தானுவன்னு மோர் குடுத்தேன். எங்ககிட்ட அறுபதுதாம்ப்பா இருக்கு, அதுக்கு மேல பேத்து எடுத்தாலும் கிடையாதுன்னேன். ஆபீஸ்ல கேட்டுட்டு வந்து சரின்னானுவ."

"நீயா பேசுன? அப்பா எங்க இருந்தாவ?"

கண்ணுச்சாமி மோட்டார் ரூமில் இருந்தார். வெளியிலிருந்து பூட்டியது குருவம்மாள். பூட்டச் சொன்னது அவர்.